ஒன்றாம் லேனில் திருநீறு

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். பெட்டியில் ஒட்டும் சீல் ஸ்டிக்கரை எப்படிப் பரிசோதிப்பது என்பதற்குப் படம் போட்ட புத்தகம் உங்களிடம் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதுவது வெட்டி வேலை. தம்போய்த் தொழிற்சாலையில் அந்த ஒரே கூரைக்குக் கீழே இருபத்தேழு வருடம் நின்றவள் நான். சொல்ல என்னிடம் ஒரு கதைதான் இருக்கிறது. அதையும் நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ஆயுத பூஜை அன்று மெஷினில் திருநீறு பூசி ஒரு நாள் சரக்கையே கெடுத்த லைன் லீடர் கதை. சேர்ந்த முதல் நாளே யாராவது சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். அந்தக் கதையை அப்படிச் சொல்லப் பழக்கியவள் நான்தான். அதில் பாதியை விட்டுவிட்டுச் சொன்னவளும் நான்தான். அந்தப் பாதியை இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் வேலை சின்ன வேலை. சென்ட் பாட்டிலை வேறு எங்கோ நிரப்பி, அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். பெட்டியின் வாயில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஸ்டிக்கரை யாராவது உரித்தால், அதன் அடியிலுள்ள எழுத்து பெட்டியிலேயே தங்கிவிட வேண்டும். திரும்ப ஒட்டினாலும் மறைக்க முடியாது. விமான நிலையக் கடையில் அதை வாங்குகிறவள் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பாள். யாரும் திறக்கவில்லை, யாரும் அடித்துப் பார்க்கவில்லை, உள்ளே வேறு எதையும் ஊற்றவில்லை என்று அவளுக்குச் சொல்ல அந்த ஒரு ஸ்டிக்கர்தான் இருக்கிறது.

அரை மணிக்கு ஒரு தடவை நாம் ஒரு பெட்டியை எடுத்து உரித்துப் பார்க்கிறோம். எழுத்து முழுதாகத் தங்கியிருந்தால் தாளில் எழுதி, நம் நம்பர் போட்ட சாப்பை, அதாவது முத்திரையை, குத்துகிறோம். தரம் பார்க்கும் நம் கியூசி பெண்களைக் கடைத்தெருவில் பார்த்தால்கூட எனக்குத் தெரிந்துவிடும். எல்லா நகத்தையும் ஒட்ட வெட்டிவிட்டு, வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் உரிப்பதற்காக விட்டு வைத்திருப்பார்கள். என் சாப் நம்பர் நாலு. நாலாம் நம்பர் குத்தியிருந்தால் பாஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

நான் சேர்ந்து பத்தொன்பதாவது வருடத்தில் பழைய லைன் லீடர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் அவருடைய கூட்டாளிகளிடம் சொன்னார். புதுச் சப்பாத்துகூட ஒரு ஜோடி வாங்கி வைத்துவிட்டேன், நடந்து நடந்து மேற்பார்வை பார்க்க வேண்டியிருக்குமே என்று. ஒரு திங்கட்கிழமை காலை பாஸ் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, இவர்தான் உங்கள் புது லீடர், ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வோம் என்று சொன்னார். பெயர் தேவிகா. வயது முப்பத்திரண்டு. சிங்கப்பூரில் மருந்துப் பெட்டி கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவள்.

பொறாமையைப் பற்றி எழுதும்போது எல்லோரும் கொஞ்சம் சுற்றி வளைப்பார்கள். மனசு கொஞ்சம் வருத்தப்பட்டது, ஏமாற்றமாக இருந்தது என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு வயிறு எரிந்தது, வேறு வார்த்தை கிடையாது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். சோம்பேறி என்றோ திமிர் பிடித்தவள் என்றோ நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருக்கலாம். அவளோ என்னைவிட முன்னால் வந்து என்னைவிடப் பின்னால் போனாள். உரிக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே ஒட்டியது சரியா இல்லையா என்று சொல்லிவிடுவாள், நகம்கூட வளர்க்கவில்லை. நான் பத்தொன்பது வருடம் உரித்தேன், அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. மெஷின் ஓட்டும் அஸ்மா பதினைந்து வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். மூன்றாவது மாதம் அவரும் தன் நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தேவிகா மேசைக்குப் போய்விட்டார். "நீயும் வாயேன்" என்று என்னையும் கூப்பிட்டார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு என் சோற்றைத் தனியாகத் தின்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவிகாவுக்கு என்ன தேவையாக இருந்தது என்று அந்தத் தொழிற்சாலையிலேயே முதலில் தெரிந்துகொண்டவள் நான். அவளே என்னிடம் சொன்னாள். ஒரு நாள் மழையில் பஸ் வராமல் இரண்டு பேரும் நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டோம். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய்விட்டார். சிங்கப்பூர் வேலைக்குக் காலை நாலு மணிக்கே எல்லைப் பாலம் தாண்ட வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் இரண்டு வயதிலேயே பிள்ளையை லாபிஸில் இருக்கும் தன் அக்காவிடம் விட்டிருந்தாள். அந்த அக்காவுக்குப் பிள்ளை இல்லை. வாரக் கடைசியில் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தம்போய் வேலை நிரந்தரமானால் இங்கே வாடகை வீடு எடுத்து, பள்ளி திறக்கும்போது மகளைக் கூட்டி வந்துவிடலாம். வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள், நிரந்தரக் கடிதத்தைக் காட்டினால்தான் சாவி கொடுப்பேன் என்று வீட்டின் சொந்தக்காரன் சொல்லியிருந்தான்.

"இப்பவே என் அக்காவத்தான் அம்மாங்குறா. என்னைய பேர் சொல்லிக் கூப்பிடுறா. இன்னும் ரெண்டு வருஷம் போனா அவ்வளவுதான் அக்கா" என்று சொன்னாள்.

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். மனசாரச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. இவள் எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்துவிட்டாளே, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வீடு வரைக்கும் போய்விட்டாளே என்றுதான் உள்ளுக்குள் புகைந்தது.

ஆறாவது மாதம் ஆயுத பூஜை வந்தது. நம் தொழிற்சாலையில் அப்போது தமிழ் ஆட்கள் அதிகம், ஆகவே ஒவ்வொரு வருடமும் மெஷினுக்குப் பூஜை உண்டு. சென்ட் என்றால் ஸ்பிரிட், நெருப்பு ஆகாது. அதனால் சூடம் காட்டுவதெல்லாம் லாரி நிற்கும் வாசலில். தட்டை அங்கே காட்டிவிட்டு, திருநீறும் சந்தனமும் மட்டும் உள்ளே வரும். பாஸ் சீனர், ஆனாலும் கைகூப்பி நின்று, சுண்டலை முதல் ஆளாக வாங்கிக்கொள்வார். பழைய லீடர் மலாய்க்காரர் என்பதால் பூஜை எப்போதும் என் கையில்தான் இருந்தது. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மெஷினின் இரும்புக் காலில் மூன்று கோடு போடுவேன். சந்தனப் பொட்டு மின்சாரப் பெட்டியின் கதவில். மெஷினின் மேல் பக்கம் கையே கொண்டுபோக மாட்டேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மேலே பூசினால் காய்ந்து உதிரும், உதிர்ந்தால் பெட்டியின் வாயில் விழும், தூசி மேல் ஸ்டிக்கர் ஒட்டாது. இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. அப்படி இருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த வருடம் பாஸ், லீடர் தேவிகாதானே, அவளே செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் யோசித்துச் சொன்னதில்லை. போகிற போக்கில் சொன்னார். எனக்கு யாரோ எல்லோர் முன்னிலையிலும் என் மூக்கை உடைத்த மாதிரி ஆகிவிட்டது.

தேவிகா என்னைத் தேடிக்கொண்டு லாக்கர் வரை வந்தாள்.

"அக்கா, எனக்கு இதெல்லாம் சரியாத் தெரியாது. நீங்களே செய்ங்க, நான் தட்டு பிடிச்சிக்கிறேன்."

"பாஸ் உன்னத்தானே சொன்னாரு. லீடர் நீதானே லா" என்று சொல்லிவிட்டு, நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அவளே செய்தாள். பக்தியோடுதான் செய்தாள், அதைக் குறை சொல்ல முடியாது. மெஷினில் பெட்டி ஓடும் லேன் இரண்டு இருக்கிறது அல்லவா, முதல் லேனுக்குத்தான் முதல் மரியாதை என்று நினைத்தாளோ என்னவோ, ஒன்றாம் லேனில் ஸ்டிக்கர் ஒட்டும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் மூடியில் திருநீற்றைக் காய்ந்தபடியே அள்ளி, மூன்று விரலால் நன்றாகப் பட்டையாகப் பூசினாள். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். அவள் கை மேலே போகும்போதே பார்த்துவிட்டேன். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பிறகு, கேட்டால் சொல்லலாம், அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

எட்டரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு நான் ஒன்றாம் லேனிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நகத்தால் உரித்தேன். ஸ்டிக்கர் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. பெட்டியில் ஓர் எழுத்துகூட இல்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்த வேண்டும். பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் எனக்குத் தெரியும். ஓர் ஈரத்துணி, பத்து நிமிடம். எல்லோரும் கொஞ்சம் சிரிப்பார்கள். தேவிகா ஓடி வந்து, நல்லவேளை அக்கா நீங்க பார்த்தீங்க என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அதோடு முடிந்துவிடும். அடுத்த வாரம் அவளுக்குக் கடிதம் வரும், நான் அதே நாலாம் நம்பர் அக்காவாக இருப்பேன்.

அன்று மூன்று மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து வாடிக்கையாளரின் ஆள் வருவதாக இருந்தது. பாஸும் கூடவே வருவார். என் தலையில் அந்த மூன்று மணி வந்து உட்கார்ந்துகொண்டது. அவர்கள் கண் முன்னால் இது உரிந்து வந்தால்?

உரித்த பெட்டியை என் இழுப்பறையில், கையுறைகளுக்கு அடியில் வைத்தேன். இரண்டாம் லேனிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்து உரித்தேன். எழுத்து அழகாகப் பெட்டியில் தங்கியது. எழுதி, சாப் குத்தினேன். ஒன்பதரைக்கும் இரண்டாம் லேன், பத்துக்கும் இரண்டாம் லேன், அப்படியே போனது. ஒவ்வொரு அரை மணிக்கும் இந்தத் தடவை பொத்தானை அழுத்திவிடலாம் என்று நினைப்பேன். இவ்வளவு நேரம் ஏன் விட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயமும் வரும். நேரம் போகப் போக நிறுத்துவதுதான் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. ஒன்றாம் லேன் சரக்கு பேலட் பலகையில் ஏறிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் தேவிகா ஒரு கப்பில் சுண்டலை மூடி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். காலையில் நான் வாங்கிக்கொள்ளவில்லை என்று கவனித்து எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று நிஜமாகவே வாயைத் திறந்தேன். சரியாக அந்த நேரம் பாஸ் அந்தப் பக்கம் வந்தார். இந்த வருட பூஜை நன்றாக இருந்தது, தேவிகா நன்றாகச் செய்தாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு வருடம் நான் செய்த பூஜையை அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. நான் சுண்டலைத் தின்றேன்.

மூன்று மணிக்கு வாடிக்கையாளரின் ஆளாக ஓர் அம்மா வந்தார். தலையில் வலை மாட்டிக்கொண்டு மெஷினைச் சுற்றிப் பார்த்தார். பாஸ் என்னைக் கூப்பிட்டு, ஒரு பெட்டியை உரித்துக் காட்டச் சொன்னார். நான் எந்த லேனிலிருந்து எடுத்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்டிக்கர் கையோடு வந்தது. நான் முகத்தில் அதிர்ச்சியைக் கொண்டுவந்து இன்னொன்றை எடுத்தேன், அதுவும் வந்தது. மூன்றாவதையும் உரித்தேன். பிறகு மேலே நிமிர்ந்து பார்த்து, அப்போதுதான் கண்ணில் பட்ட மாதிரி மூடியில் விரலைத் தேய்த்து, வெள்ளையாக ஒட்டியதை பாஸுக்குக் காட்டினேன். என் நடிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த அம்மா நான் உரித்த பெட்டிகளில் இரண்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பாஸ் முகம் சிவந்துவிட்டது. யார் இதைப் பூசியது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் கேட்டார். நாங்கள் யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் தேவிகா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நான்தான் பூசினேன் பாஸ். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. என் தப்பு."

நான் அவளை மாட்டிவிட நாள் முழுக்கக் காத்திருந்தேன். அவள் மாட்டிவிடும் வேலையை எனக்கு வைக்கவே இல்லை. அதுகூட எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு பாஸ் என் பக்கம் திரும்பினார். அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கிறாயே, காலையிலிருந்து ஒன்றுகூடவா அகப்படவில்லை என்று கேட்டார். என் கைக்கு வந்ததெல்லாம் நல்லதாகவே வந்தது, அது அதிர்ஷ்டம்தானே என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். பத்தொன்பது வருடம் பொய் சொல்லாதவள் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அத்தனை வருடம் சேர்த்து வைத்த பெயரையெல்லாம் அந்த ஒரு பதிலுக்காகத்தான் செலவழித்தேன்.

காலையிலிருந்து ஒன்றாம் லேனில் ஒட்டிய அத்தனை பெட்டியையும் பிரிக்க வேண்டியதாயிற்று. ஆறு மணி வரை எல்லோரும் உட்கார்ந்து பிரித்தோம். அஸ்மா மட்டும் இரண்டு மூன்று தடவை "கெசியான் டியா" என்று, பாவம் அவள் என்று, முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். தேவிகா பாஸுக்கு அறிக்கை எழுதினாள். அதனோடு என் பரிசோதனைத் தாளையும் சேர்த்துப் பின் அடிக்க வேண்டும், அதுதான் வழக்கம். தாளை வாங்கிப் பார்த்தாள்.

நான் ஒரு தடவை ஒன்றாம் லேன், ஒரு தடவை இரண்டாம் லேன் என்று மாற்றி மாற்றித்தான் எடுப்பேன். பத்தொன்பது வருடப் பழக்கம். அக்கா மாதிரி மாற்றி எடுங்கள் என்று மற்ற பெண்களிடம் தேவிகாவே சொல்லியிருக்கிறாள். அன்றைய தாளில் மேலிருந்து கீழ்வரை வெறும் இரண்டு, இரண்டு, இரண்டு. அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, கடைசியில் நின்றது.

"அக்கா, இன்னிக்கு ஒண்ணாம் லேன்ல ஒரு தடவகூட எடுக்கலையா?"

"இல்ல. கை அந்தப் பக்கம் போகல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு நானும் முறைத்திருப்பேன். இரண்டு தடவை படித்தும் புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு தாளை அறிக்கைக்கு அடியில் வைத்துப் பின் அடித்து, எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வரிசையைக் கோடு போட்டுக் காட்டவில்லை. பாஸ் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்கிறவர் இல்லை. ஒரு வாரம், இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவள் சொல்லவே இல்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு பாஸ் அறைக்கு ஓடியிருப்பேன். அதை நினைத்தும் எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது.

கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. வேண்டுமானால் சாதாரண செக்கராக இருக்கலாம் என்று பாஸ் சொன்னார். அந்தச் சம்பளத்தில் வாடகை வீடும் இல்லை, மகளும் இல்லை. தேவிகா மறுபடியும் நாலு மணிக்குப் பாலம் தாண்டும் வேலைக்கே போனாள். கடைசி நாள் எல்லோரிடமும் வந்து சொல்லிக்கொண்டாள். என்னிடம் மெஷினின் சாவியைக் கொடுத்து, ஒன்றாம் லேனில் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள்.

நாற்காலி எனக்கு வந்தது. புதுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டேன். எட்டு வருடம் அதில் உட்கார்ந்தேன். சந்தோஷம் இருந்ததா என்றால், ஒரு மூன்று நாள் இருந்தது. பிறகு புது ஆட்கள் வரும்போதெல்லாம் அந்தத் திருநீற்றுக் கதையைச் சொன்னேன். பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சிரிக்கும்போது எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும், அதனால் அடிக்கடி சொன்னேன். மெஷினில் எதுவும் பூசக் கூடாது என்ற விதியையும் நான்தான் எழுதி ஒட்டினேன். இன்னும் மெஷின் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும், போய்ப் பாருங்கள். அது சரியான விதிதான். ஆனால் அன்று சரக்கு கெட்டது முழுக்கத் திருநீற்றால் இல்லை. ஒன்பது மணி வரை வந்த சரக்கு மட்டும்தான் திருநீற்றால் கெட்டது. ஒன்பதிலிருந்து மூன்று வரை வந்ததெல்லாம் என்னால் கெட்டது.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், நம்மோடு வேலை செய்த ஒருவரின் மகன் கல்யாணம் லாபிஸில் நடந்தது. கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருத்தி வந்து, "பரமேஸ் அக்காதானே?" என்று கேட்டாள். தேவிகா. தலையில் நரை ஓடியிருந்தது. சிங்கப்பூரில் சூப்பர்வைசராகிவிட்டாளாம். நலம் விசாரித்தாள், என் முட்டி வலிக்கு ஒரு தைலம் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"தேவிகா, அன்னிக்கு நான் காலைல ஒன்பது மணிக்கே பார்த்துட்டேன்" என்று சொன்னேன்.

"தெரியும் அக்கா."

"பாஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன? பூசினது நான்தானே." மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா துடைச்சிருப்பேன். அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. ஒரு வார்த்ததானே அக்கா."

உன்மேல் பொறாமை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என்கிட்ட என்ன இருந்துச்சு பொறாமப்பட" என்று அவள் கேட்டிருப்பாள்.

அப்போது ஒரு பெண் எங்கள் வரிசைக்குள் வந்தாள். பதினாலு வயது இருக்கும், தேவிகாவின் அதே கண். ஓடி விளையாடியிருக்கிறாள் போல, பின்னல் அவிழ்ந்து, பூ ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தேவிகா சட்டென்று நகர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"வா, நான் கட்டி விடுறேன்."

"பரவால்ல தேவி. அம்மா கட்டுவாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் எங்கள் முழங்காலைத் தாண்டி வரிசையின் கடைசிக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த தேவிகாவின் அக்கா முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அந்த அம்மாள் யாரோடோ பேசிக்கொண்டே, கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தார். நீட்டிய கையைத் தேவிகா மடியில் வைத்துக்கொண்டாள். அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பின்னி முடியும் வரைக்கும்.

அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்த முகம் அது. தேவிகாவிடம் அது இருந்ததே இல்லை. நான்தான் கொடுத்தேன்.